அயர்ட்டன் சென்னா

அயர்ட்டன் சென்னா (மார்ச் 21, 1960 – மே 1, 1994) பிரேசில் நாட்டைச் சேர்ந்த மகிழுந்துப் பந்தய ஓட்டுனர் ஆவார். முழுப்பெயர் அயர்ட்டன் சென்னா ட சில்வா. ஃபார்முலா 1 பந்தயங்களில் 1988, 1990, 1991 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றார். 161 போட்டிகளில் பங்கேற்று 41 வெற்றிகளும், தகுதிச் சுற்றில் 65 முறை முதலிடமும் பெற்றார். இத்தாலியின் இமோலா நகரில் நடந்த பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி 34-ஆவது அகவையில் உயிரிழந்தார்.

பந்தயக் கார்களில் கியரை (பல்லிணை) ஓட்டுனர் கையால் மாற்றும் முறை மறைந்து, பொத்தானை அழுத்தினால் கருவியே மாற்றிக்கொள்ளும் முறை வந்த காலமும் சென்னாவின் காலமும் ஒன்றே. அவரது 41 வெற்றிகளில் 33 கைமுறை கியர் கொண்ட கார்களில் கிடைத்தவை. இதனால் விளையாட்டுக் கார்களில் (ஸ்போர்ட்ஸ் கார்) கைமுறை கியரே சிறந்தது என்று வாதிடுவோர் அவரை அடிக்கடி எடுத்துக்காட்டுகின்றனர். எனினும் அவரது வாழ்க்கை இவ்வாதத்தின் இரு பக்கங்களுக்கும் சான்று தருகிறது.

== இளமைக் காலம் ==

சென்னா பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில், வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தை மில்ட்டன் ட சில்வா, தாய் நெய்டே சென்னா. விவியானி என்ற மூத்த சகோதரியும் லியோனார்டோ என்ற இளைய சகோதரரும் உடன்பிறந்தோர். சில்வா என்பது பிரேசிலில் மிகப் பரவலான பெயர் என்பதால் பிற்காலத்தில் தாய்வழிப் பெயரான சென்னாவையே பந்தயங்களில் பயன்படுத்தினார்.

நான்கு அகவையில் தந்தை அவருக்கு ஒரு சிறிய கார்ட் வண்டியைச் செய்து கொடுத்தார். அதில் புல்வெட்டும் கருவியின் 1 குதிரைத்திறன் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. ஏழு அகவையிலேயே குடும்பப் பண்ணையில் ஜீப் ஓட்டப் பழகினார் என்றும், கிளட்சை மிதிக்காமல் எஞ்சினின் ஒலியைக் கேட்டே கியர் மாற்றக் கற்றார் என்றும் அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

1973-ல், 13-ஆவது அகவையில், இண்டர்லாகோஸ் தடத்தில் முதல் கார்ட் பந்தயத்தில் பங்கேற்றார். 1977-ல் தென்னமெரிக்க கார்ட் சாம்பியன் ஆனார். உலக கார்ட் போட்டியில் 1979, 1980 ஆகிய இரு ஆண்டுகளிலும் இரண்டாம் இடமே கிடைத்தது. அப்போட்டிகளின் கார்ட் வண்டிகளில் கியர் கிடையாது. வளைவில் வேகத்தை இழந்தால் கியரைக் குறைத்து ஈடுசெய்ய இயலாது என்பதால், எஞ்சினின் சுழற்சி குறையாமல் வளைவைக் கடப்பதே வெற்றிக்கு வழியாகும். இப்பழக்கம் பின்னர் அவரது ஓட்டும் முறையின் அடையாளமானது.

== இங்கிலாந்தில் (1981–1983) ==

1981-ல் சென்னா இங்கிலாந்து சென்று வான் டீமன் அணிக்காக ஃபார்முலா ஃபோர்டு 1600 பந்தயங்களில் ஓட்டினார். இவை தொடக்கநிலை ஓட்டுனர்களுக்கான ஒற்றை இருக்கைக் கார்கள். எஞ்சின்கள் ஏறக்குறைய ஒரே ஆற்றல் கொண்டவை. கியர் கைமுறையால் மாற்றப்படுவது. எனவே ஓட்டுனரின் கைத்திறனே வேறுபாட்டைக் காட்டும். அவ்வாண்டே இரண்டு தொடர்களில் சாம்பியன் ஆனார். ஆண்டு இறுதியில் பந்தயத்தை விட்டுவிட்டுக் குடும்பத் தொழிலுக்குத் திரும்பப் போவதாக அறிவித்தார். ஆனால் 1982-ல் மீண்டும் இங்கிலாந்து வந்து, ஃபார்முலா ஃபோர்டு 2000 பிரித்தானிய, ஐரோப்பியப் பட்டங்கள் இரண்டையும் வென்றார்.

1983-ல் பிரித்தானிய ஃபார்முலா 3 தொடரில் மார்ட்டின் பிரண்டிலுடன் கடுமையாகப் போட்டியிட்டுப் பட்டம் வென்றார். அவ்வாண்டின் மக்காவு கிராண்ட் பிரீயிலும் வெற்றி பெற்றார். இவ்வெற்றிகள் அவருக்கு ஃபார்முலா 1 வாய்ப்பைப் பெற்றுத் தந்தன.

== அக்காலப் பந்தயக் கார்களில் கியர் மாற்றம் ==

சென்னாவின் திறனைப் புரிந்துகொள்ள, அன்றைய கியர் அமைப்பை அறிந்திருத்தல் பயன்தரும்.

எஞ்சின் குறிப்பிட்ட சுழற்சி வேகங்களில்தான் நிறைந்த ஆற்றலைத் தரும். காரின் வேகமோ தொடர்ந்து மாறுகிறது. இரண்டையும் பொருத்திவைப்பதே கியர் பெட்டியின் பணி. சாலைக் கார்களின் கைமுறை கியர் பெட்டியில், இணையப்போகும் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் வளையங்கள் (சின்க்ரோ) உள்ளன. பந்தயக் கார்களின் பெட்டிகளில் இவ்வளையங்கள் இல்லை. கியர் விரைவாக மாறவும் எடை குறையவும் அவற்றைத் தவிர்த்தனர். எனவே வேகத்தைச் சமன்செய்யும் பொறுப்பு ஓட்டுனரையே சார்ந்தது.

வளைவுக்கு முன் கியரைக் குறைக்கும்போது இது கடினமாகிறது. கீழ் கியரில், அதே கார் வேகத்துக்கு எஞ்சின் இன்னும் விரைவாகச் சுழல வேண்டும். எஞ்சினின் வேகத்தை உயர்த்தாமல் கிளட்சை விட்டால் பின்சக்கரங்கள் ஒரு கணம் இறுகிக் கார் சுழன்றுவிடும். இதைத் தவிர்க்க ஓட்டுனர் இடக்காலால் கிளட்சையும், வலக்காலின் முன்பகுதியால் பிரேக்கையும் அழுத்தியபடி, அதே வலக்காலின் ஓரத்தாலோ குதிகாலாலோ ஆக்சிலரேட்டரை ஒருமுறை தட்டி எஞ்சினை முடுக்குவார். வலக்கை கியர்க் கம்பியை நகர்த்தும். இடக்கை மட்டும் திசைச் சக்கரத்தைப் பிடித்திருக்கும். இது குதிகால்-விரல் நுட்பம் எனப்படுகிறது. மொனாக்கோ போன்ற வளைவுகள் நிறைந்த தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பல முறை இதைச் செய்ய வேண்டும். ஒரே ஒரு முறை தவறான கியர் விழுந்தாலும் எஞ்சின் அளவுமீறிச் சுழன்று கெட்டுப்போகும்.

சென்னாவிடம் இதற்கு மேலும் ஒரு தனிப்பழக்கம் இருந்தது. வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை ஒரே சீராக அழுத்தாமல், மிகக் குறுகிய இடைவெளிகளில் பலமுறை தட்டித்தட்டி அழுத்துவார். டர்போ எஞ்சின்களில் டர்போவின் சுழற்சி தணியாமல் இருக்க இது உதவியது என்று பொதுவாக விளக்கப்படுகிறது. டர்போ தடைசெய்யப்பட்ட பின்னரும் அவர் இதைக் கைவிடவில்லை. பின்சக்கரங்களின் பிடிமானம் எந்த அளவில் இருக்கிறது என்பதைக் காலால் சோதித்துக்கொள்ளும் வழியாகவும் இது கருதப்படுகிறது.

== டோல்மேன் அணி (1984) ==

1984 மார்ச் மாதம் பிரேசில் கிராண்ட் பிரீயில், டோல்மேன் என்ற சிறிய அணியின் ஓட்டுனராக ஃபார்முலா 1-ல் அறிமுகமானார். அவ்வாண்டு சூன் மாதம் கடும் மழையில் நடந்த மொனாக்கோ போட்டியில் 13-ஆம் இடத்தில் தொடங்கி இரண்டாம் இடத்துக்கு முன்னேறினார். முதலிடத்தில் இருந்த அலன் புரோஸ்ட்டை நெருங்கிக்கொண்டிருந்தபோது மழை காரணமாகப் போட்டி நிறுத்தப்பட்டது. புரோஸ்ட் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. சென்னாவின் பெயர் உலகெங்கும் தெரியவந்தது இப்போட்டியில்தான்.

அதற்குச் சில வாரங்கள் முன், 1984 மே 12 அன்று, செருமனியில் புதிதாகக் கட்டப்பட்ட நூர்பர்க்ரிங் தடத்தின் திறப்பு விழாவில் ஒரு காட்சிப் போட்டி நடந்தது. மெர்சிடிஸ்-பென்ஸ் 190ஈ 2.3-16 வகைச் சாலைக் கார்கள் ஏறக்குறைய மாற்றமின்றிப் போட்டியாளர்களுக்கு வழங்கப்பட்டன. நிக்கி லௌடா, ஜாக் பிராபம், ஜேம்ஸ் ஹன்ட் உள்ளிட்ட உலகச் சாம்பியன்கள் பலர் பங்கேற்றனர். அந்தக் கார்களின் ஐந்து கியர் பெட்டி வழக்கத்துக்கு மாறானது. முதல் கியர் இடப்புறம் கீழே இருக்கும். இரண்டும் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமையும். அனைவருக்கும் ஒரே வகைக் கார் என்ற அப்போட்டியில், எவரும் அதிகம் அறிந்திராத 24 அகவை சென்னா, லௌடாவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி வெற்றி பெற்றார்.

== லோட்டஸ் அணி (1985–1987) ==

1985-ல் லோட்டஸ் அணியில் சேர்ந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 21 அன்று போர்த்துகலின் எஷ்டொரில் தடத்தில் கொட்டும் மழையில் தமது முதல் வெற்றியைப் பெற்றார். இரண்டாம் இடம் பெற்ற மிக்கேலே அல்போரெத்தோ ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். மற்றவர்கள் அனைவரும் குறைந்தது ஒரு சுற்றாவது பின்தங்கினர்.

1987-ல் லோட்டஸ் 99டி காரில் ஹோண்டா எஞ்சினும், கணினியால் கட்டுப்படுத்தப்படும் இயங்கு தொங்கல் அமைப்பும் (ஆக்டிவ் சஸ்பென்ஷன்) பொருத்தப்பட்டன. இக்காரில் சென்னா மொனாக்கோவிலும் டெட்ராய்ட்டிலும் வென்றார். இவ்வமைப்பு கொண்ட கார் ஃபார்முலா 1-ல் பெற்ற முதல் வெற்றி மொனாக்கோ வெற்றியாகும். சென்னாவைப் புதிய தொழில்நுட்பத்தின் எதிரியாகக் காட்டுவது பொருந்தாது என்பதை இது காட்டுகிறது.

== மெக்லாரன் அணி (1988–1993) ==

=== முதல் பட்டமும் இறக்கத்தில் கிளம்பிய காரும் ===

1988-ல் ஹோண்டா எஞ்சினுடன் மெக்லாரன் அணியில் சேர்ந்தார். அணியின் மற்றோர் ஓட்டுனர் அலன் புரோஸ்ட். எம்.பி.4/4 எனப்பட்ட அவ்வாண்டுக் கார் 16 போட்டிகளில் 15-ஐ வென்றது. அவற்றுள் எட்டு சென்னாவுடையவை, ஏழு புரோஸ்ட்டுடையவை. மொனாக்கோ தகுதிச் சுற்றில் சென்னா, அதே காரை ஓட்டிய புரோஸ்ட்டைவிட 1.427 நொடிகள் விரைவாக ஓட்டினார். ஆனால் போட்டியில் பெரும் இடைவெளியில் முன்னணியில் இருந்தபோது கவனம் சிதறித் தடுப்பில் மோதி வெளியேறினார்.

1988 அக்டோபர் 30 அன்று சப்பானின் சுசூக்கா தடத்தில் பட்டத்தைத் தீர்மானிக்கும் போட்டி நடந்தது. முதலிடத்தில் நின்ற சென்னாவின் கார் தொடக்க விளக்கு எரிந்ததும் நின்றுவிட்டது. சுசூக்காவின் தொடக்க நேர்வழி இறக்கமாக அமைந்தது. கார் தானே உருளத் தொடங்கியதும் கியரில் கிளட்சை விட்டு எஞ்சினைக் கிளப்பினார். மின்கலம் தீர்ந்த வண்டியைத் தள்ளிக் கிளப்புவதும் இதே முறையில்தான். சாலைக் கார்களின் வழக்கமான தானியங்கி கியர் அமைப்பில், சக்கரங்கள் எஞ்சினோடு நீர்மத்தின் வழியே மட்டும் இணைந்திருப்பதால், இவ்வாறு கிளப்புவது இயலாது. சில நொடிகளில் 14-ஆம் இடத்துக்குப் பின்தங்கிய சென்னா, தூறலில் ஒவ்வொருவராகக் கடந்து, இறுதியில் புரோஸ்ட்டையும் முந்தி வென்றார். அவரது முதல் உலகப் பட்டம் இவ்வாறு கிடைத்தது.

=== புரோஸ்ட்டுடன் மோதல் ===

1989-ல் இருவருக்குமான உறவு முறிந்தது. சுசூக்காவில் இருவரின் கார்களும் மோதி நின்றன. புரோஸ்ட் இறங்கிவிட்டார். தடப் பணியாளர்கள் தள்ளிவிட, சென்னா எஞ்சினை மீண்டும் கிளப்பி ஓட்டி முதலாவதாக முடித்தார். ஆனால் தடத்தின் ஒரு பகுதியைத் தவிர்த்தார் என்று தகுதிநீக்கம் செய்யப்பட்டார். பட்டம் புரோஸ்ட்டுக்குச் சென்றது.

1990-ல் புரோஸ்ட் ஃபெராரி அணிக்கு மாறினார். அதே சுசூக்காவில் முதல் வளைவிலேயே இருவரும் மோதி வெளியேறினர். இதனால் பட்டம் சென்னாவுக்கு உறுதியானது. அம்மோதல் தற்செயலானது அன்று என்பதை அடுத்த ஆண்டு சென்னாவே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவரது வாழ்க்கையில் மிகுதியாகக் கண்டிக்கப்பட்ட செயல் இதுவாகும். அதிவேகத்தில் வேண்டுமென்றே மோதுவது பிற ஓட்டுனரின் உயிரோடு விளையாடுவது என்று பலர் குறை கூறினர்.

=== பகுதித் தானியங்கி கியரின் வருகை ===

1989-ல் ஜான் பர்னார்டு வடிவமைத்த ஃபெராரி 640 காரில் கியர்க் கம்பி இல்லை. திசைச் சக்கரத்தின் பின்னே இரு சிறு துடுப்புகள் (பேடில்) இருந்தன. ஒன்றை இழுத்தால் கியர் ஏறும், மற்றொன்றை இழுத்தால் இறங்கும். கிளட்சையும் பற்சக்கரங்களையும் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் நீர்ம அழுத்தக் கருவி இயக்கும். கியரை எப்போது மாற்றுவது என்ற முடிவு ஓட்டுனருடையது, மாற்றும் வேலை கருவியுடையது. எனவே இது பகுதித் தானியங்கி எனப்பட்டது.

இதன் நன்மைகள் தெளிவானவை. இரு கைகளும் எப்போதும் திசைச் சக்கரத்தில் இருக்கும். கியர் மாற்ற நேரம் குறையும். தவறான கியர் விழாது. கம்பிக்கான இடம் தேவையில்லாததால் ஓட்டுனர் அறையைக் குறுக்கலாம். அக்கார் பிரேசிலில் நடந்த முதல் போட்டியிலேயே நைஜல் மான்செல் ஓட்ட வென்றது. ஆனால் அதன்பின் பல போட்டிகளில் பழுதாகி நின்றது. வில்லியம்ஸ் அணியும் 1991-ல் இம்முறைக்கு மாறியது. மெக்லாரன் அணி அவ்வாண்டும் ஆறு கியர் கைமுறைப் பெட்டியையே பயன்படுத்தியது.

=== 1991 பிரேசில் கிராண்ட் பிரீ ===

எட்டு ஆண்டுகளாக ஃபார்முலா 1-ல் ஓட்டியும் சொந்த நாட்டில் சென்னா ஒருமுறைகூட வென்றதில்லை. 1991 மார்ச் 24 அன்று அவர் சிறுவனாகக் கார்ட் ஓட்டிய இண்டர்லாகோஸ் தடத்தில் 71 சுற்றுப் போட்டி நடந்தது. முதலிடத்தில் தொடங்கி முன்னணியில் சென்றார். மான்செலின் வில்லியம்ஸ் கார் பின்தொடர்ந்து நெருங்கியது.

போட்டியின் பிற்பாதியில் சென்னாவின் கியர் பெட்டி பழுதடையத் தொடங்கியது. முதலில் நான்காம் கியர் போயிற்று. பின்னர் மற்ற கியர்களும் ஒவ்வொன்றாக விழாமல் போயின. இதற்கிடையே மான்செலின் காரில் பகுதித் தானியங்கி கியர் பெட்டி பழுதாகி அவர் வெளியேறினார். அவரது அணியின் ரிக்கார்டோ பத்ரேசே இரண்டாம் இடத்திலிருந்து நெருங்கினார். அவரது காரிலும் கியர்ச் சிக்கல் இருந்தது.

கடைசிச் சுற்றுகளைச் சென்னா ஆறாம் கியரில் மட்டுமே ஓட்டினார். மெதுவான வளைவுகளில் எஞ்சின் நின்றுவிடாமல் காக்க வேண்டியிருந்தது. கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைத் தணிக்க இயலாததால் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. இறுதியில் மழையும் தூறியது. 2.991 நொடிகள் வேறுபாட்டில் வென்றார். தோள், கழுத்துத் தசைகள் இறுகியதால் காரிலிருந்து அவரை மற்றவர்கள் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பரிசுக் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கவும் பெரிதும் இடர்ப்பட்டார்.

அன்று கைமுறைப் பெட்டியும் பழுதடைந்தது, பகுதித் தானியங்கிப் பெட்டியும் பழுதடைந்தது. முன்னதில் மிஞ்சிய ஒரு கியரை வைத்து ஓட்டுனர் ஏதோ செய்ய முடிந்தது என்பதே வேறுபாடு. அவ்வாண்டு ஏழு வெற்றிகளுடன் மூன்றாவது உலகப் பட்டத்தை வென்றார். கைமுறை கியர் கொண்ட கார் ஃபார்முலா 1 பட்டம் வென்றது அதுவே கடைசி.

=== துடுப்புக்கு மாறுதல் (1992–1993) ===

1992 பிரேசில் போட்டி முதல் மெக்லாரனும் பகுதித் தானியங்கிக்கு மாறியது. வில்லியம்ஸ் காரின் மேம்பாட்டை மெக்லாரன் எட்ட இயலவில்லை. சென்னா அவ்வாண்டு மூன்று போட்டிகளில் மட்டுமே வென்றார். ஆண்டிறுதியில் ஹோண்டா பந்தயத்திலிருந்து விலகியது.

1993-ல் ஆற்றல் குறைந்த ஃபோர்டு எஞ்சினுடன் ஐந்து போட்டிகளில் வென்றார். ஏப்ரல் 11 அன்று இங்கிலாந்தின் டோனிங்டன் தடத்தில், மழையில், ஐந்தாம் இடத்துக்குப் பின்தங்கியபின் முதல் சுற்று முடியுமுன்பே நால்வரை முந்தி முன்னணிக்கு வந்தார். ஃபார்முலா 1 வரலாற்றின் மிகச் சிறந்த முதல் சுற்றாகப் பலரும் இதைக் கருதுகின்றனர். இதை அவர் செய்தது கியர்க் கம்பி இல்லாத காரில் என்பது குறிப்பிடத்தக்கது.

அதே காலத்தில், பெருகிவரும் மின்னணு உதவிகள் ஓட்டுனரின் பங்கைக் குறைக்கின்றன என்று அவர் வெளிப்படையாகக் குறை கூறிவந்தார். இழுவைக் கட்டுப்பாடு, இயங்கு தொங்கல் போன்றவை 1994 முதல் தடைசெய்யப்பட்டன. கியரைக் கணினியே தேர்ந்தெடுத்து மாற்றுவதும் தடைசெய்யப்பட்டது. ஓட்டுனர் இழுக்கும் துடுப்பு மட்டும் நீடித்தது.

== ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். ==

சென்னாவின் பெயர் சாலை விளையாட்டுக் கார்களோடு இணைவது முதன்மையாக ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். காரின் வழியே ஆகும். 1989-ல் சுசூக்காவில் அதன் மாதிரி வடிவத்தை ஓட்டிப் பார்த்த சென்னா, காரின் உடற்கூடு போதிய உறுதியுடன் இல்லை என்று கருத்துத் தெரிவித்தார். பின்னர் செருமனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நீண்ட சோதனைகள் நடத்தி, உடற்கூட்டின் விறைப்பை ஏறக்குறைய 50 விழுக்காடு உயர்த்தியதாக ஹோண்டா கூறியுள்ளது. அலுமினிய உடற்கூட்டுடன் தொடர் உற்பத்தியில் வந்த முதல் கார் இதுவாகும்.

1990-ல் விற்பனைக்கு வந்தபோது இரு வகைகள் இருந்தன. சப்பானிய விற்பனையில் ஐந்து கியர் கைமுறை வகையின் 3 லிட்டர் எஞ்சின் 280 குதிரைத்திறனும், நான்கு கியர் தானியங்கி வகையின் எஞ்சின் 265 குதிரைத்திறனும் கொண்டிருந்தன. 1992-ல் வந்த எடை குறைந்த டைப் ஆர் வகை கைமுறை கியருடன் மட்டுமே விற்கப்பட்டது.

சென்னா சுசூக்காவில் என்.எஸ்.எக்ஸ். ஓட்டும் காணொளி இன்றும் பலரால் பார்க்கப்படுகிறது. பந்தய உடையின்றி, சாதாரண காலணியுடன் ஓட்டும் அவரது பாதங்களைப் படக்கருவி நெருக்கமாகக் காட்டுகிறது. குதிகால்-விரல் நுட்பத்தைக் கற்போருக்கு இது பாடம் போலப் பயன்படுகிறது.

== மறைவு ==

1994-ல் வில்லியம்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் மூன்று போட்டிகளிலும் தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்றார். ஆனால் எதையும் முடிக்கவில்லை. மூன்றாவது போட்டி இமோலாவில் நடந்த சான் மரீனோ கிராண்ட் பிரீ. ஏப்ரல் 30 அன்று தகுதிச் சுற்றில் ஆஸ்திரிய ஓட்டுனர் ரோலண்ட் ராட்சன்பெர்கர் விபத்தில் உயிரிழந்தார். மே 1 அன்று ஏழாம் சுற்றில் முன்னணியில் இருந்த சென்னாவின் கார் தம்புரெல்லோ வளைவில் தடத்தை விட்டு விலகிச் சுவரில் மோதியது. தொங்கல் அமைப்பின் உடைந்த பகுதி தலைக்கவசத்தில் தாக்கியது. பொலோஞா மருத்துவமனையில் அவர் இறந்தார். ராட்சன்பெர்கரின் நினைவாகப் போட்டி முடிவில் ஏந்துவதற்கென அவர் வைத்திருந்த ஆஸ்திரியக் கொடி காரில் காணப்பட்டது.

விபத்தின் காரணம் குறித்து இத்தாலியில் நெடுங்காலம் வழக்கு நடந்தது. மாற்றியமைக்கப்பட்ட திசைச் சக்கரத் தண்டு உடைந்ததே காரணம் என்று வழக்குத் தொடுத்தோர் வாதிட்டனர். பிரேசிலில் மூன்று நாள் துக்கம் கடைப்பிடிக்கப்பட்டது. சாவோ பாவுலோவில் இலட்சக்கணக்கானோர் இறுதி அஞ்சலி செலுத்தினர். மொரும்பி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஏழைச் சிறாரின் கல்விக்கென அவர் எண்ணியிருந்த பணியை, சகோதரி விவியானி 1994-லேயே அயர்ட்டன் சென்னா நிறுவனமாகத் தொடங்கினார். விபத்துக்குப் பின் தடங்களிலும் கார்களிலும் பாதுகாப்பு விதிகள் பெரிதும் கடுமையாக்கப்பட்டன. தம்புரெல்லோ வளைவும் மாற்றியமைக்கப்பட்டது.

== கைமுறை கியர் பற்றிய விவாதத்தில் சென்னா ==

விளையாட்டுக் கார்களில் துடுப்பு முறையும், பின்னர் இரட்டைக் கிளட்ச் முறையும் பரவியபோது கைமுறை கியர் சிறிதுசிறிதாக மறைந்தது. இரட்டைக் கிளட்ச் அமைப்பு மனிதக் கையைவிட விரைவாகக் கியரை மாற்றும் என்பதில் ஐயமில்லை. 2016-ல் வந்த இரண்டாம் தலைமுறை என்.எஸ்.எக்ஸ். காரில் கைமுறை வகை வழங்கப்படவில்லை. 2018-ல் மெக்லாரன் நிறுவனம் சென்னாவின் பெயரையே சூட்டி வெளியிட்ட காரிலும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டியே இருந்தது.

எதிர்த்திசையிலும் சில நிகழ்ந்தன. 2013-ல் கைமுறை கியரை நீக்கி வெளியான போர்ஷ் 911 ஜிடி3 காரில், வாடிக்கையாளர் விருப்பத்தால் 2017-ல் அது மீண்டும் வழங்கப்பட்டது. எம்.பி.4/4 காலத்தில் மெக்லாரனின் தொழில்நுட்ப இயக்குனராக இருந்த கார்டன் மரே, 1992-ல் வெளியான மெக்லாரன் எஃப்1 சாலைக் காரையும், 2020-ல் வெளியிட்ட டி.50 காரையும் ஆறு கியர் கைமுறைப் பெட்டியுடன் வடிவமைத்தார்.

கைமுறையை விரும்புவோரின் வாதம் வேகத்தைப் பற்றியது அன்று. ஓட்டுபவர் செய்வதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும், அதைச் சரியாகச் செய்ததன் நிறைவு அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அது. சென்னாவின் பாதங்களைக் காட்டும் காணொளி இவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. ஆனால் பந்தயத்தில் வெல்வதே நோக்கம் என்ற நிலையில் அவர் தயக்கமின்றித் துடுப்புக்கு மாறினார் என்பதும் உண்மை. அவரது வெற்றிகள் 1992-க்குப் பின் குறைந்ததற்கு வில்லியம்ஸ் கார்களின் மேம்பாடு காரணமே அன்றி, கியர் முறை காரணம் அன்று. எனவே 33 வெற்றிகள் என்ற எண்ணிக்கையைக் கைமுறை கியரின் மேன்மைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. அவர் கையாண்ட கடினத்தின் அளவாக அதைக் கொள்ளலாம்.

== இந்தியாவில் ==

சென்னா முதல் பட்டம் வென்ற 1988-ல், கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவிலான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை அறிமுகப்படுத்தினார். ஃபார்முலா மாருதி எனப்பட்ட இவ்வகைக் கார்களில் இந்திய இளைஞர்கள் பலர் பந்தயம் பழகினர். கரிவரதன் 1995-ல் சிறுவானூர்தி விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவரது பெயரைத் தாங்கியுள்ளது. ஃபார்முலா மாருதியில் ஓட்டிய கோவை நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1-ல் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார்.

ஃபெராரியின் துடுப்பு முறை உருவாக்கத்தில் பங்குகொண்ட இத்தாலியின் மாக்னெட்டி மரெல்லி நிறுவனத்தின் தொழில்நுட்பம், 2014-ல் மாருதி செலேரியோ காரின் வழியே இந்தியச் சாலைகளுக்கு வந்தது. கைமுறைப் பெட்டியையே வைத்துக்கொண்டு கிளட்சையும் கம்பியையும் மட்டும் கருவியிடம் ஒப்படைக்கும் இம்முறை (ஏ.எம்.டி.) 1989-ஆம் ஆண்டு பந்தயக் காரின் கருத்தை ஒத்ததே. நெரிசல் மிக்க நகரச் சாலையில் இடக்காலுக்கு ஓய்வு தருவதால் இது விரைவாகப் பரவியது.

== வெற்றிகளின் பட்டியல் ==

* 1984 – டோல்மேன் – கைமுறை – வெற்றி இல்லை
* 1985 – லோட்டஸ் – கைமுறை – 2
* 1986 – லோட்டஸ் – கைமுறை – 2
* 1987 – லோட்டஸ் – கைமுறை – 2
* 1988 – மெக்லாரன் – கைமுறை – 8 (உலகச் சாம்பியன்)
* 1989 – மெக்லாரன் – கைமுறை – 6
* 1990 – மெக்லாரன் – கைமுறை – 6 (உலகச் சாம்பியன்)
* 1991 – மெக்லாரன் – கைமுறை – 7 (உலகச் சாம்பியன்)
* 1992 – மெக்லாரன் – பகுதித் தானியங்கி – 3
* 1993 – மெக்லாரன் – பகுதித் தானியங்கி – 5
* 1994 – வில்லியம்ஸ் – பகுதித் தானியங்கி – வெற்றி இல்லை

== இவற்றையும் பார்க்க ==

* ஃபார்முலா 1
* அலன் புரோஸ்ட்
* கியர் பெட்டி
* கிளட்ச்
* எஸ். கரிவரதன்
* நாராயண் கார்த்திகேயன்